உளவியல் படிக்கப் போகிறீர்களா? படிவம் நான்கிலேயே தொடங்குங்கள்

உளவியல் படிக்க ஆசைப்படும் பிள்ளைகள் என்னிடம் வந்தால், முதலில் அவர்களுடைய கணிதப் பாடநூலைத் திறக்கச் சொல்வேன். மலேசியப் பள்ளிகளில் பதினாறு வயதில் படிக்கும் படிவம் 4 கணிதத்தில் தரவுகளின் பரவலைப் பற்றி ஒரு பாடம் இருக்கிறது. வீச்சு, மாறுபாடு, திட்ட விலக்கம் எல்லாம் அங்கேதான் வருகின்றன. பெரும்பாலோர் சூத்திரத்தை மனப்பாடம் செய்துவிட்டுப் பக்கத்தைத் திருப்பிவிடுகிறார்கள். மனிதர்களைப் பற்றிப் படிக்கப் போகிறவர் நின்று வாசிக்க வேண்டிய பக்கம் அது. ஒரு கூட்டத்தில் ஒருவருக்கொருவர் எவ்வளவு வேறுபடுகிறார்கள் என்பதை எண்ணில் சொல்லக் கற்றுத்தரும் முதல் பாடம் அதுதான்.

நான் கோலாலம்பூரில் ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில் உளவியல் முதலாண்டு மாணவர்களுக்குப் புள்ளியியலும் ஆய்வு முறைகளும் கற்பிக்கிறேன். சனிக்கிழமைகளில் செந்தூலில் எங்கள் வட்டாரத்துப் படிவம் 4, 5 பிள்ளைகளோடு உட்கார்ந்து இதையே எளிமையாகப் பேசுகிறேன். “டீச்சர், எனக்கு மனிதர்களை நன்றாகப் புரியும், அதனால்தான் உளவியல் எடுத்தேன்” என்று சொல்லிக்கொண்டு பல்கலைக்கழகத்துக்கு வருகிறவர்களில் அருமையான பிள்ளைகள் பலர் உண்டு. புள்ளியியல் வகுப்பு தொடங்கியதும் அவர்களில் சிலருக்கு முகம் வாடிவிடுகிறது. சிலர் படிப்பையே மாற்றிக்கொள்கிறார்கள். அவர்களிடம் அறிவுக்குக் குறைவில்லை. உளவியல் எப்படிப்பட்ட படிப்பு என்று பதினாறு வயதில் அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

“எப்படித் தெரியும்?”

1879ஆம் ஆண்டில் வில்ஹெல்ம் வுண்ட், ஜெர்மனியின் லைப்சிக் நகரில் உளவியலுக்கென்று ஓர் ஆய்வுக்கூடம் அமைத்தார். உளவியல் தனி அறிவியல் துறையாக நிற்கத் தொடங்கியதை அந்த ஆண்டிலிருந்துதான் கணக்கிடுகிறார்கள். முகத்தைப் பார்த்து மனத்தைப் படிக்கும் வித்தை எந்தப் பல்கலைக்கழகப் பாடத்திட்டத்திலும் இல்லை. மனிதரைப் பற்றி யார் எதைச் சொன்னாலும், “அது உங்களுக்கு எப்படித் தெரியும்?” என்று பொறுமையாகக் கேட்கும் பழக்கம்தான் இந்தப் படிப்பின் முதுகெலும்பு.

ஓர் உதாரணம் சொல்கிறேன். 1974இல் எலிசபெத் லாஃப்டஸ், ஜான் பால்மர் என்ற இருவர் அமெரிக்காவில் 45 மாணவர்களுக்குக் கார் விபத்துக் காட்சிகளைப் போட்டுக் காட்டினார்கள். பிறகு, கார்கள் என்ன வேகத்தில் போயின என்று கேட்டார்கள். எல்லாருக்கும் அதே காட்சிகள்தாம். கேள்வியில் ஒரு வினைச்சொல்லை மட்டும் ஆளுக்கு ஆள் மாற்றினார்கள். “நொறுங்க மோதிக்கொண்டபோது” என்ற பொருளில் கேட்கப்பட்டவர்கள் சராசரியாக மணிக்கு ஏறக்குறைய 41 மைல் என்றார்கள். “தொட்டுக்கொண்டபோது” என்ற பொருளில் கேட்கப்பட்டவர்கள் சொன்னது ஏறக்குறைய 32 மைல். வேறு 150 மாணவர்களோடு நடத்திய இரண்டாவது சோதனையில், ஒரு வாரம் கழித்து “உடைந்த கண்ணாடியைப் பார்த்தீர்களா?” என்று கேட்டார்கள். காட்சியில் கண்ணாடியே உடையவில்லை. ஆனாலும் கடுமையான சொல்லைக் கேட்டிருந்த 50 பேரில் 16 பேர் பார்த்தேன் என்றார்கள். மென்மையான சொல்லைக் கேட்டிருந்த 50 பேரில் 7 பேர்தாம் அப்படிச் சொன்னார்கள்.

இதை வகுப்பில் சொன்னதும் பிள்ளைகள் வியந்துபோகிறார்கள். அதோடு விட்டுவிடாதீர்கள் என்பேன். யாரை வைத்துச் செய்தார்கள்? எத்தனை பேர்? எதை அளந்தார்கள்? எதோடு ஒப்பிட்டார்கள்? அமெரிக்க மாணவர்களிடம் கண்டது, செந்தூல் சந்தையில் மீன் விற்கும் அண்ணனுக்கும் பொருந்துமா? கடைசிக் கேள்வி வீண் கேள்வியன்று. உளவியல் ஆய்வுகளில் பங்கேற்றவர்களில் மிகப் பெரும்பாலோர் மேற்கத்திய, படித்த, வசதியான சமூகத்தவர் என்பதை 2010இல் ஜோசஃப் ஹென்ரிக்கும் உடன் ஆய்வாளர்களும் விரிவாக எடுத்துக்காட்டினார்கள். 2015இல் பெரும் ஆய்வாளர் குழு ஒன்று, வெளியான 100 உளவியல் ஆய்வுகளை மீண்டும் செய்து பார்த்தது. 36 விழுக்காட்டில்தான் புள்ளியியல் அளவில் தெளிவான முடிவு மறுபடி கிடைத்தது. தன் முடிவுகளைத் தானே சோதித்து, வந்த விடையை மறைக்காமல் வெளியிடும் துறை இது. அந்த நேர்மைக்காகவே எனக்கு இதன்மேல் இவ்வளவு பற்று.

ஆகவே முதல் பயிற்சி எளிது. ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். வாட்ஸ்அப்பிலோ நாளிதழிலோ “ஆய்வு சொல்கிறது” என்று எதைப் பார்த்தாலும் அதை எழுதி, கீழே அந்த நான்கு கேள்விகளையும் கேட்டு விடை எழுதுங்கள்: யார், எத்தனை பேர், எதை அளந்தார்கள், எதோடு ஒப்பிட்டார்கள். பெரும்பாலான செய்திகளில் இரண்டுக்குமேல் விடை கிடைக்காது. எது இல்லை என்று கண்ணில் படத் தொடங்குவதே பயிற்சி.

பள்ளிப் பாடங்களில் எதைப் பிடித்துக்கொள்வது

படிவம் 5 முடிவில் எழுதும் எஸ்பிஎம் தேர்விலும் படிவம் 6இல் எழுதும் எஸ்டிபிஎம் தேர்விலும் உளவியல் என்று தனிப்பாடம் கிடையாது. பிரிட்டிஷ் ஏ லெவல் தேர்வில் உண்டு. ஆனால் அதை எடுக்காதவர்களுக்குப் பெரிய இழப்பு ஒன்றும் இல்லை. அதற்கான அடித்தளம் வேறு பாடங்களில் சிதறிக் கிடக்கிறது.

கணிதத்தை முதலிலேயே சொல்லிவிட்டேன். படிவம் 5இல் தொகுக்கப்பட்ட தரவுகளின் பரவல் வருகிறது. கூடுதல் கணிதம் எடுத்தவர்களுக்கு அதே ஆண்டில் நிகழ்தகவுப் பரவல் வருகிறது. மணி வடிவ வளைகோட்டை அங்கே சந்திப்பீர்கள். பல்கலைக்கழகத்தில் நான் முதல் பருவத்தில் நடத்துவது பெரும்பாலும் இந்த வளைகோட்டைப் பற்றித்தான். கூடுதல் கணிதம் எடுக்காதவர்கள் மனம் தளர வேண்டாம். சாதாரணக் கணிதத்தை உண்மையாகப் புரிந்துகொண்டு வந்த பிள்ளைகள் என் வகுப்பில் நன்றாகவே தேறியிருக்கிறார்கள். கணக்கைக் கணிப்பொறி போட்டுவிடும். அந்த எண்ணுக்கு என்ன பொருள் என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

உயிரியல் எடுத்திருந்தால் படிவம் 4இல் மனிதரின் ஒருங்கிணைப்பும் எதிர்வினையும் என்ற பாடத்தை இருமுறை படியுங்கள். நரம்பணு, மூளையின் பகுதிகள், நாளமில்லாச் சுரப்பிகள் ஆகியவை முதலாண்டில் அப்படியே திரும்ப வரும். படிவம் 5இல் மரபுவழி, வேறுபாடு ஆகிய பாடங்களும் அப்படியே. உயிரியல் எடுக்காதவர்கள், படிவம் 3 அறிவியலின் முதல் பாடத்தைத் தூசி தட்டி எடுங்கள். தூண்டலும் துலங்கலும் பற்றியது அது. அங்கிருந்து தொடங்கலாம்.

ஆங்கிலத்தில் வாசிப்பு வேகம் மிக முக்கியம். தனியார் பல்கலைக்கழகங்களில் வகுப்பே ஆங்கிலத்தில்தான். அரசுப் பல்கலைக்கழகங்களில் மலாயும் ஆங்கிலமும் கலந்து வரும். பாடநூல்களும் ஆய்வுக் கட்டுரைகளும் பெரும்பாலும் ஆங்கிலமே. வாரத்துக்கு ஓர் ஆய்வுச் சுருக்கம் படியுங்கள். கட்டுரை முழுவதும் வேண்டாம். தலைப்புக்குக் கீழே உள்ள அந்த ஒரு பத்தி போதும். முதல் மாதம் பாதிகூடப் புரியாது. விடாமல் படிப்பவர்களுக்கு அந்த ஆண்டு முடிவதற்குள் அந்தப் பத்தியின் அமைப்பு பழகிவிடும்.

தமிழை எஸ்பிஎம் பாடமாக எடுங்கள் என்று நான் வற்புறுத்துவேன். புள்ளி குறையுமோ என்று பயந்து பல பிள்ளைகள் விட்டுவிடுகிறார்கள். நம் வீட்டுப் பெரியவர்கள் மனச்சோர்வை மனச்சோர்வு என்று சொல்ல மாட்டார்கள். “நெஞ்சு அடைக்கிறது”, “தலை கனக்கிறது”, “சோறு இறங்கவில்லை” என்பார்கள். அதை அவர்களுடைய மொழியிலேயே கேட்டு, அடுத்த கேள்வியையும் அதே மொழியில் மரியாதையோடு கேட்கத் தெரிந்த உளவியலாளர்கள் இந்த நாட்டுக்கு நிறைய வேண்டும். ஒரு பாட்டியிடம் “தூக்கம் எப்படி வருகிறது, அம்மா?” என்று கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பதற்கும் மொழித்தேர்ச்சி வேண்டும்.

நீங்களே ஒரு சோதனை செய்யுங்கள்

இந்தக் கட்டுரையில் வேறு எதைச் செய்யாவிட்டாலும் இதைச் செய்யுங்கள். தேவைப்படுவது சில தாள்கள், நான்கு வண்ணப் பேனாக்கள், கைப்பேசியில் உள்ள நிறுத்துகடிகாரம்.

1935இல் ஜான் ரிட்லி ஸ்ட்ரூப் ஒரு சோதனையை வெளியிட்டார். ஒரு நிறத்தின் பெயரை வேறொரு நிற மையில் அச்சிட்டார். படிப்பவர் சொல்லைப் பொருட்படுத்தாமல் மையின் நிறத்தை மட்டும் சொல்ல வேண்டும். வெறும் வண்ணக் கட்டங்கள் நூற்றின் நிறத்தைச் சொல்ல மாணவர்களுக்குச் சராசரியாக 63 வினாடி ஆனது. நிறம் மாறிய சொற்கள் நூறென்றால் 110 வினாடி. படிக்காதே என்று சொன்னாலும் கண் படித்துவிடுகிறது. பிறகு அந்தச் சொல்லைத் தள்ளிவிட்டு நிறத்தைச் சொல்ல மனம் போராட வேண்டியிருக்கிறது.

நம் பிள்ளைகள் மூன்று மொழிகளில் படிக்கிறவர்கள். ஸ்ட்ரூப்பிடம் இல்லாத வசதி அது. நான்கு தாள்கள் தயாரியுங்கள். முதல் தாளில் சிவப்பு, பச்சை, நீலம், மஞ்சள் கட்டங்கள் நாற்பது. இரண்டாவதில் தமிழ் நிறப்பெயர்கள் நாற்பது, ஒவ்வொன்றும் தன் நிறம் அல்லாத வேறு நிறத்தில். மூன்றாவதில் மலாய், நான்காவதில் ஆங்கிலம். ஒரே நிறம் அடுத்தடுத்து வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். வெள்ளைத் தாளில் வெளிர்மஞ்சள் சரியாகத் தெரியாது. அடர்ந்த மஞ்சளாகத் தேடி வாங்குங்கள்.

சனிக்கிழமை வகுப்பில் இதை விளக்கிக்கொண்டிருந்தபோது படிவம் 4 மாணவி ஒருத்தி கையை உயர்த்தி, “எந்த மொழியில் பதில் சொல்ல வேண்டும், டீச்சர்?” என்று கேட்டாள். எனக்கு அவ்வளவு மகிழ்ச்சி. முழுச் சோதனையும் அந்தக் கேள்வியில்தான் நிற்கிறது. எல்லாரும் தமிழில் பதில் சொன்னால், தமிழ்ச் சொற்கள் உள்ள தாள் அதிகமாகத் தடுமாற வைக்கும். பதிலும் சொல்லும் ஒரே மொழியாக இருக்கும்போது இடையூறு கூடும் என்பது இருமொழியாளர்களிடம் செய்த பல ஆய்வுகளில் கண்டது. அப்படியானால், நீங்கள் அளந்தது தமிழ் வாசிப்புத் திறனையா, பதில் மொழியின் விளைவையா? இரண்டையும் பிரிக்க வேண்டுமென்றால், ஒவ்வொருவரையும் தமிழில் ஒரு சுற்றும் மலாயில் ஒரு சுற்றும் பதில் சொல்ல வைக்க வேண்டும். பாதிப் பேருக்குத் தமிழ் முதலில், பாதிப் பேருக்கு மலாய் முதலில். இல்லாவிட்டால் இரண்டாம் சுற்றில் வரும் வேகம் பழக்கத்தால் வந்ததா, மொழியால் வந்ததா என்று சொல்ல முடியாது. தாள்களைக் காட்டும் வரிசையையும் அதே காரணத்துக்காக ஆளுக்கு ஆள் மாற்றுங்கள்.

இருபது பேர் போதும். பள்ளி நண்பர்கள், அத்தை மாமா பிள்ளைகள், பக்கத்து வீட்டு அக்கா, யாராக இருந்தாலும் சரி. ஒவ்வொருவரிடமும் முதலில் என்ன செய்யப் போகிறீர்கள் என்று சொல்லுங்கள். “வேண்டாம் என்றால் எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம்” என்று சொல்லுங்கள். பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ளவர்களென்றால் பெற்றோரிடமும் கேளுங்கள். பெயர் எழுதாதீர்கள், எண் கொடுங்கள். சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய முடியாத நிறக்குருடு உண்டா என்று முன்பே கேட்டுவிடுங்கள். ஆண்களிடம் அது அதிகம். ஏன் என்று படிவம் 5 உயிரியலின் மரபுவழிப் பாடத்தில் இருக்கிறது. நீங்கள் எந்த முடிவை எதிர்பார்க்கிறீர்கள் என்று மட்டும் யாரிடமும் சொல்லாதீர்கள். தெரிந்தால் உங்களுக்கு உதவி செய்வதாக நினைத்து அவர்கள் தடுமாறிக் காட்டுவார்கள்.

ஒவ்வொருவருக்கும் ஒரே சொற்களில் விளக்கம் கொடுக்க வேண்டும். அதனால் விளக்கத்தை எழுதி வைத்துப் படியுங்கள். பயிற்சிக்கு ஒரு வரி கொடுத்துவிட்டு நேரத்தை எடுங்கள். தவறுகளையும் எண்ணுங்கள். வேகமாக முடித்தவர் நிறையத் தவறியிருக்கலாம்.

பிறகு கணக்கு. ஒவ்வொருவருக்கும், ஒவ்வொரு சுற்றிலும், தமிழ்த் தாளின் நேரத்திலிருந்து வண்ணக் கட்டங்களின் நேரத்தைக் கழியுங்கள். மலாய்க்கும் ஆங்கிலத்துக்கும் அப்படியே. அந்த வித்தியாசங்களுக்குச் சராசரியும் திட்ட விலக்கமும் காணுங்கள். வரைபடத் தாளில் ஒவ்வொருவரையும் ஒரு புள்ளியாகக் குறியுங்கள். ஆறாண்டு தமிழ்ப்பள்ளியில் படித்தவர்களையும் தேசியப்பள்ளியில் படித்தவர்களையும் வேறு வேறு நிறத்தில் குறித்துப் பாருங்கள். ஒரு புள்ளி எல்லாவற்றையும் விட்டுத் தொலைவில் நிற்கும். அதை அழிக்கக் கை துடிக்கும். அழிக்கக் கூடாது. யாரை விலக்குவோம், எந்தக் காரணத்துக்காக விலக்குவோம் என்பதைச் சோதனை தொடங்கும் முன்பே எழுதி வைத்திருக்க வேண்டும். எழுதாத காரணத்துக்காகப் பின்னால் ஒருவரை நீக்குவது, விடைக்கு ஏற்றபடி கணக்கைத் திருத்துவதாகிவிடும்.

முடித்ததும் இரண்டு பக்கத்தில் எழுதுங்கள்: என்ன கேட்டேன், எப்படிச் செய்தேன், என்ன கிடைத்தது, எங்கே சந்தேகம் இருக்கிறது. சில பல்கலைக்கழகங்கள் உளவியல் படிப்புக்கு நேர்முகத் தேர்வு வைக்கின்றன. “ஏன் உளவியல்?” என்ற கேள்விக்கு, “மற்றவர்களுக்கு உதவ ஆசை” என்று எல்லாரும் சொல்வார்கள். நீங்கள் அந்த இரண்டு பக்கத்தை மேசைமேல் வையுங்கள்.

அதே அறிவை எஸ்பிஎம்முக்கும் பயன்படுத்துங்கள்

வரலாற்றுப் புத்தகத்தை மறுபடி மறுபடி படித்து, மஞ்சள் கோடு போட்டு, படித்துவிட்டோம் என்று நம்பிக்கொள்ளும் பிள்ளைகள் ஏராளம். 2006இல் ஹென்றி ரோடிகரும் ஜெஃப்ரி கார்ப்பிக்கும் ஓர் ஆய்வு செய்தார்கள். ஒரு பத்தியை மீண்டும் படித்தவர்கள், படித்த ஐந்து நிமிடத்தில் சற்று மேலாக இருந்தார்கள். ஒரு வாரம் கழித்து நிலைமை தலைகீழ். புத்தகத்தை மூடிவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களுக்கு 56 விழுக்காடு நினைவிருந்தது. மீண்டும் படித்தவர்களுக்கு 42 விழுக்காடு. ஒரு பக்கம் படியுங்கள், மூடுங்கள், வெற்றுத் தாளில் எழுதுங்கள், திறந்து ஒப்பிடுங்கள். இரண்டு நாள் விட்டு மறுபடி எழுதுங்கள்.

பார்ப்பதும் நினைத்துக்கொள்வதும்

மெர்டேக்கா சதுக்கத்து ஓரத்தில், ஜாலான் ராஜாவில் கோலாலம்பூர் நூலகம் இருக்கிறது. செந்தூலிலிருந்து எல்ஆர்டியில் மஸ்ஜிட் ஜாமெக் இறங்கினால் நடந்தே போகலாம். போகும் வழியிலேயே ஒரு பயிற்சி செய்யலாம். பக்கத்தை இரண்டாகப் பிரியுங்கள். இடப்பக்கம் கண்ணால் கண்டது, வலப்பக்கம் நீங்கள் நினைத்துக்கொண்டது. “அவர் கோபமாக இருந்தார்” என்பது வலப்பக்கத்துக்கு உரியது. “கைப்பேசியை மூன்று முறை இருக்கையில் தட்டினார், கதவைப் பார்த்தார்” என்பது இடப்பக்கத்துக்கு. எழுதிப் பார்த்தால்தான் தெரியும், நாம் நாள் முழுவதும் வலப்பக்கத்திலேயே வாழ்கிறோம் என்று.

ஒரு நண்பரோடு செய்தால் இன்னும் நல்லது. கால் மணி நேரத்தில் எத்தனை பேர் கைப்பேசியைப் பார்க்கிறார்கள் என்று இருவரும் தனித்தனியே எண்ணுங்கள். எண்கள் ஒத்துவராது. “பார்ப்பது” என்றால் என்ன, ஒரு வினாடி திருப்பிப் பார்த்தாலும் கணக்கா என்று உட்கார்ந்து பேசி, விதி எழுதி, மறுபடி எண்ணுங்கள். ஆய்வில் பாதி வேலை இதுதான். தெரியாதவர்களைப் படம் மட்டும் எடுக்காதீர்கள்.

மனிதர்களோடு பழகுவது

தொண்டு செய்த சான்றிதழ் வேண்டும் என்பதற்காக ஒரே நாளில் முதியோர் இல்லத்துக்குப் போய் அரிசி மூட்டையோடு படம் எடுத்துக்கொண்டு திரும்புவதால் யாருக்கும் பயனில்லை. ஒரே இடத்துக்கு மாதக்கணக்கில் போங்கள். பிரிக்ஃபீல்ட்ஸில் பார்வையற்றோர் சங்கம் இருப்பதால் அந்தத் தெருக்களில் வெள்ளைக்கோலோடு நடப்பவர்களைத் தினமும் பார்க்கலாம். சாலையைக் கடக்க உதவ விரும்பினால் கையைப் பிடித்து இழுக்கக் கூடாது. “உதவி வேண்டுமா, ஐயா?” என்று கேட்க வேண்டும், வேண்டும் என்றால் நம் முழங்கையை அவர் பிடித்துக்கொள்வார். கேட்ட பிறகு உதவுவது என்ற இந்த ஒழுங்கு ஆலோசனை அறைக்குள்ளும் அப்படியே வேண்டும். சிறப்புக் குழந்தைகளுக்கான மையம், கோவில் மண்டபத்தில் நடக்கும் இலவச டியூஷன் எதுவாகவும் இருக்கலாம். தொடர்ந்து போவதுதான் முக்கியம்.

வீட்டில் ஒரு பழக்கத்தை நிறுத்துங்கள். யாராவது சற்று வித்தியாசமாகப் பேசினால் “தஞ்சோங் ரம்புத்தானுக்கு அனுப்பு” என்று சொல்லிச் சிரிப்பது இந்த நாட்டில் எல்லா இனத்தவரிடமும் இருக்கிறது. பேராக்கில் 1911இல் தொடங்கிய மனநல மருத்துவமனை அது. இன்று அதன் பெயர் உலு கிந்தா பகாகியா மருத்துவமனை. அங்கே போய்க் குணமடைந்து திரும்பியவர்கள் நம் குடும்பங்களிலேயே இருக்கிறார்கள். அவர்கள் காதில் அந்தச் சிரிப்பு எப்படி விழும் என்று எண்ணிப் பாருங்கள். அதேபோல, மனநோயைச் செய்வினை என்று நம்பிக் கோவிலுக்குப் போகும் குடும்பத்தை ஏளனம் செய்யாதீர்கள். கோவிலுக்கும் போகட்டும், மருத்துவரிடமும் போகட்டும். ஏளனம் செய்தவரின் பேச்சை அடுத்த முறை அவர்கள் கேட்க மாட்டார்கள்.

இன்னொன்றை அழுத்திச் சொல்கிறேன். உளவியல் படிக்கப் போகிறீர்கள் என்று தெரிந்தால் நண்பர்கள் தங்கள் துயரங்களை உங்களிடம் கொட்டுவார்கள். கேளுங்கள். நோய்ப்பெயர் சூட்டாதீர்கள். ஆனால் ஒரு நண்பர் சாக வேண்டும்போல் இருக்கிறது என்று சொன்னால், யாரிடமும் சொல்லாதே என்று சத்தியம் வாங்கியிருந்தாலும் அதை ரகசியமாக வைக்காதீர்கள். அவரைத் தனியே விடாமல், அன்றைக்கே பள்ளி ஆலோசக ஆசிரியரிடமோ நம்பிக்கையான பெரியவரிடமோ சொல்லுங்கள். சுகாதார அமைச்சின் 15555 என்ற உதவி எண் இருக்கிறது. மனத்துயரில் இருப்பவர்களின் பேச்சைக் கேட்கும் பிஃப்ரண்டர்ஸ் அமைப்பும் இருக்கிறது. தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய சட்டப்பிரிவை 2023இல் நாடாளுமன்றம் நீக்கிவிட்டது. போலீஸ் பயத்தால் யாரும் மறைக்க வேண்டியதில்லை. பதினாறு வயதில் இன்னொருவரின் உயிரை நீங்கள் தனியாகச் சுமக்க முடியாது, சுமக்கவும் கூடாது.

சொந்த வலிக்கு விடை தேடி இந்தப் படிப்புக்கு வருகிறவர்களும் உண்டு. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் விரிவுரை சிகிச்சை ஆகாது. உங்களுக்கு உதவி தேவைப்பட்டால் பல்கலைக்கழகம் வரும்வரை காத்திருக்காமல் இப்போதே பெறுங்கள்.

வீட்டில் கேட்பார்கள்: “படித்து என்ன ஆவாய்?”

நியாயமான கேள்வி. தெளிவான பதிலோடு போங்கள்.

மனநல மருத்துவராக வேண்டுமென்றால் முதலில் மருத்துவப் பட்டம் வேண்டும், பிறகு சிறப்புப் பயிற்சி; அதற்கு அறிவியல் பாடங்கள் தேவை, உளவியல் பட்டம் அந்த வழியன்று. மருத்துவ உளவியலாளராக வேண்டுமென்றால் உளவியல் பட்டத்துக்குப் பிறகு மருத்துவ உளவியலில் முதுகலை வேண்டும். 2016ஆம் ஆண்டின் துணைச் சுகாதாரத் தொழில்கள் சட்டத்தின்கீழ் அவர்கள் பதிவு பெற வேண்டும். ஆலோசகராக வேண்டுமென்றால் 1998ஆம் ஆண்டின் ஆலோசகர்கள் சட்டம். அங்கீகரிக்கப்பட்ட ஆலோசனைப் பட்டமும், ஆலோசகர் வாரியத்தில் பதிவும் தேவை. பதிவில்லாமல் அந்தப் பெயரைப் பலகையில் போட்டுக்கொள்ள முடியாது. இளங்கலையோடு நிறுத்துகிறவர்கள் மனிதவளத் துறையிலும் சந்தை ஆய்விலும் சிறப்புக் கல்வி மையங்களிலும் தொண்டு அமைப்புகளிலும் வேலை பார்க்கிறார்கள். மூன்று அல்லது நான்கு ஆண்டுப் பட்டம், அதன்மேல் ஏறக்குறைய இரண்டாண்டு முதுகலை என்ற கணக்கை அப்பா அம்மாவிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். பட்டம் வாங்கியதும் மருத்துவமனை அறையில் உட்காரலாம் என்று நம்பிக் கடன் வாங்கிய குடும்பங்களைப் பார்த்து மனம் வருந்தியிருக்கிறேன்.

எஸ்பிஎம்முக்குப் பிறகு பண நெருக்கடி உள்ள குடும்பங்களுக்கு நான் படிவம் 6ஐத்தான் முதலில் சொல்வேன். மூன்று பருவம், ஏறக்குறைய ஒன்றரை ஆண்டு, செலவு மிகக் குறைவு. எஸ்டிபிஎம் சான்றிதழுக்கு வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களிலும் மதிப்பு உண்டு. அதில் கணிதம் டி என்ற பாடத்தை எடுப்பவர்களுக்கு மூன்றாம் பருவம் முழுவதும் புள்ளியியல்தான். முயட் என்ற ஆங்கிலத் தேர்வையும் அப்போதே முடித்துவிடலாம். வசதி உள்ளவர்களுக்குத் தனியார் அடித்தளப் படிப்பு ஓராண்டில் முடியும். அரசுப் பல்கலைக்கழகங்களுக்கு யுபியு என்ற மையச் சேர்க்கை முறை வழியாக விண்ணப்பம். பாங்கியில் உள்ள மலேசிய தேசியப் பல்கலைக்கழகம், கோம்பாக்கில் உள்ள அனைத்துலக இஸ்லாமியப் பல்கலைக்கழகம் இரண்டிலும் உளவியல் இருக்கிறது. கிள்ளான் பள்ளத்தாக்கின் தனியார் பல்கலைக்கழகங்களில் ஹெல்ப், சன்வே, மோனாஷ் போன்றவை இந்தப் படிப்புக்குப் பெயர் பெற்றவை. நுழைவுத் தகுதி இடத்துக்கு இடம் மாறும். எஸ்பிஎம்மில் எந்தப் பாடத்துக்குக் கிரெடிட் நிலைத் தேர்ச்சி கேட்கிறார்கள் என்று படிவம் 4இலேயே பார்த்து வையுங்கள்.

எஸ்பிஎம் முடிந்து முடிவுக்குக் காத்திருக்கும் மாதங்களில் ஜாஸ்ப் என்ற புள்ளியியல் மென்பொருளைப் பதிவிறக்குங்கள். ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தில் உருவானது, முழுக்க இலவசம். உங்கள் ஸ்ட்ரூப் எண்களை அதில் ஏற்றி, கையால் கண்ட சராசரியும் அது சொல்லும் சராசரியும் ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். பகுதிநேர வேலைக்குப் போகிறீர்களா? கடையின் முன்பக்கத்தில், வாடிக்கையாளரோடு பேசும் வேலையாகக் கேளுங்கள்.

பல்கலைக்கழகங்களின் திறந்த நாளுக்குப் பெற்றோரோடு போகும்போது, விளம்பர மேசையில் நிற்பவரிடம் மட்டும் பேசிவிட்டு வராதீர்கள். விரிவுரையாளர் ஒருவரைக் கேளுங்கள். இந்தப் பட்டத்துக்கு மலேசியத் தகுதி நிறுவனமான எம்கியூஏவின் முழு அங்கீகாரம் உண்டா, தற்காலிக அங்கீகாரமா? புள்ளியியலும் ஆய்வு முறைகளும் எத்தனை பாடங்கள்? இறுதியாண்டு ஆய்வைத் தனியாகச் செய்யலாமா, ஒரு விரிவுரையாளருக்கு எத்தனை மாணவர்கள்? தொழிற்பயிற்சி எங்கே? கடந்த ஆண்டு முடித்தவர்களில் முதுகலைக்குப் போனவர்கள் எத்தனை பேர்? நோட்டுப் புத்தகத்தில் பதில்களை அங்கேயே எழுதிக்கொள்ளுங்கள். அங்கீகாரத்தை வீட்டுக்கு வந்து எம்கியூஏவின் பதிவேட்டில் நீங்களே சரிபாருங்கள். அன்றைக்கே கட்டினால் கட்டணத்தில் கழிவு என்று சொன்னாலும், அதைச் சரிபார்க்கும்வரை முன்பணம் கட்ட வேண்டாம் என்று அப்பாவிடம் சொல்லுங்கள்.